குளிர் இருந்த ஊரும் வேகம் போன ஊரும்

கனடாவின் நடுப்பகுதியில் இருக்கும் வின்னிபெக் நகரில் ஜனவரி மாதத்தின் சராசரி வெப்பநிலை மைனஸ் 16 டிகிரி. இரவில் மைனஸ் 30க்குக் கீழே இறங்கினாலும் அங்கே யாரும் அதைப் பெரிதாகப் பேசமாட்டார்கள். மேற்கே ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் தள்ளி, ராக்கி மலைகளின் அடிவாரத்தில் இருக்கும் கால்கரியிலும் குளிர் உண்டு. ஆனால் அதை நம்ப முடியாது. மலையைத் தாண்டி இறங்கும் சினூக் என்னும் வெப்பக் காற்று, நடுக்குளிர்காலத்திலும் சில மணி நேரத்தில் 20 டிகிரியை ஏற்றிவிட்டுப் போகும். பனிக்கட்டியை நம்பியிருக்கும் ஒரு விளையாட்டுக்கு இந்த இரண்டு ஊர்களில் எது தாய்வீடாக முடியும் என்று 1980க்கு முன் கேட்டிருந்தால், யாரும் யோசிக்காமல் வின்னிபெக் என்றே சொல்லியிருப்பார்கள். இன்று யாரும் யோசிக்காமல் கால்கரி என்கிறார்கள். இடையில் வந்தது ஒரு கூரை.

ஸ்பீட் ஸ்கேட்டிங்கின் விதிகள் எளியவை. 400 மீட்டர் நீள்வட்டத் தடம். இரண்டு நேர்ப்பகுதிகள், இரண்டு வளைவுகள், நான்கு மீட்டர் அகலத்தில் இரண்டு பாதைகள். இருவர் புறப்படுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் உள்பாதையில் இருப்பவர் வெளிப்பாதைக்கும், வெளியில் இருப்பவர் உள்ளேயும் மாறிக்கொள்வார்கள். பக்கத்தில் வருபவரை முந்தினால் போதாது, கடிகாரத்தை வெல்ல வேண்டும். இப்படிப்பட்ட தடத்தை எந்த இயந்திரக் குளிரூட்டலும் இல்லாமல், வெறும் காற்றின் குளிரை நம்பித் திறந்தவெளியில் அமைப்பது கனடாவின் பிரெய்ரிச் சமவெளி ஊர்களுக்குப் பழைய வழக்கம். வின்னிபெக்கின் சார்ஜென்ட் பூங்காவில் ஒன்று இருக்கிறது. சஸ்கட்டூனில் கிளாரன்ஸ் டவுனி பெயரில் ஒன்று. இரண்டும் இன்றும் குளிர்காலத்தில் உயிர் பெற்று, வசந்தத்தில் தண்ணீராகிப் புல்லுக்குள் போய்விடுகின்றன.

தடங்கள் வருமுன் ஆறுகள் இருந்தன. வின்னிபெக்கில் ரெட் ஆறும் அசினிபோயின் ஆறும் கலக்கின்றன. இரண்டும் உறைந்தால் ஊருக்கு நடுவே விலையில்லாத சாலை கிடைத்துவிடும். 1897இல் மான்ட்ரியாலில் நடந்த உலகப் போட்டியில் நார்வேயின் ஆல்பிரட் நேஸை வென்ற ஜாக் மெக்கல்லாக் வின்னிபெக்காரர். பின்னாளில் அதே ஊரில் ஸ்கேட் செய்து விற்றார். அடுத்த தலைமுறையில் பிராங்க் ஸ்டாக். 1932இல் லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் வாங்கியவர். 20 ஆண்டு கழித்து, நாற்பதைத் தாண்டிய வயதில், ஆஸ்லோ ஒலிம்பிக்கிலும் புறப்பாட்டுக் கோட்டில் நின்றார்.

அந்த 1932 ஓட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அன்று வட அமெரிக்காவில் இருவர் இருவராக ஓடும் வழக்கம் இல்லை. எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து கூட்டமாகப் புறப்படுவார்கள். முதலில் வருபவர் வென்றவர், நேரம் இரண்டாம்பட்சம். போட்டி அமெரிக்காவில் நடந்ததால் ஒலிம்பிக்கும் அந்த முறையிலேயே நடந்தது. முன்னால் போய்க் காற்றைத் தாங்க யாருக்கும் மனமில்லை; ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவர் ஒளிந்தபடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். வென்ற அமெரிக்கர் இர்விங் ஜாஃபிக்கு ஆன நேரம் 19 நிமிடம் 13.6 விநாடி. அதற்கு நான்கு ஆண்டு முன்பே ஸ்விட்சர்லாந்தின் டாவோஸில் 17 நிமிடம் 17.4 விநாடியில் அந்தத் தூரம் கடக்கப்பட்டிருந்தது. 2025 ஜனவரியில் இத்தாலியின் டாவிடே கியோட்டோ அதே தூரத்தை 12 நிமிடம் 25.69 விநாடியில் முடித்தார். அவர் ஓடிய இடம் கால்கரி.

இயற்கைத் தளம் அமைப்பது அன்று ஒரு கைத்தொழில். மழை பார்த்து விதைப்பதுபோலக் குளிர் பார்த்துத் தண்ணீர் விட வேண்டும். முதலில் விழும் வெண்பனியை அகற்றாமல் மிதித்து இறுக்குவார்கள். புல்லின் மேல் அதுவே அடித்தளம். அதன் மேல் மெல்லிய தூவலாகத் தண்ணீர். ஒரு படலம் முழுக்க உறைந்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டுக் கனமாக விட்டால் மேல்புறம் மட்டும் உறைந்து, அடியில் காற்றறை தங்கிவிடும். அந்த ஓட்டின் மேல் கத்தி ஏறினால் நொறுங்கும். மாற்றுப்பாதையோடு சேர்த்துத் தடத்தின் அகலம் 12 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் பரப்பு ஏறக்குறைய 5,000 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு 5,000 லிட்டர் வேண்டும். கையளவு கனத்துக்கு ஐந்து லட்சம் லிட்டர். இதையெல்லாம் தன்னார்வலர்களும் பூங்காப் பணியாளர்களும் இரவில்தான் செய்தார்கள், ஏனென்றால் வெயில் இல்லாத நேரமே தளத்துக்கு நல்ல நேரம். கடைசிப் படலத்துக்கு வெந்நீர். வெந்நீரில் கரைந்திருக்கும் காற்று குறைவு. பழைய மேற்பரப்பைச் சற்றே இளக்கி அதோடு ஒட்டிக்கொள்ளவும் செய்யும். இந்த ஒன்று மட்டும் இன்றும் மாறவில்லை. கூரையின் கீழ் ஓடும் தள இயந்திரமும் வெந்நீரைத்தான் விட்டுப் போகிறது.

தளம் அமைந்த பிறகும் வேலை தீராது. பகலுக்கும் இரவுக்கும் இடையே வெப்பநிலை ஒரேயடியாய் மாறும்போது பனிக்கட்டி சுருங்கி விரிசல் விடும். ஒரு கத்தி அகலமுள்ள விரிசல் போதும், வளைவில் ஒருவரைக் கவிழ்க்க. விடியலில் மேற்பரப்பில் பூத்திருக்கும் உறைபனித் தூளைப் பெருக்கித் தள்ளாவிட்டால் ஒவ்வொரு தள்ளலும் கனக்கும். வெண்பனி குறைந்த ஆண்டுகளில் சமவெளி வயல்களின் மண் காற்றில் பறந்து வந்து தளத்தில் ஒட்டும். ஒரு மில்லிமீட்டரைவிடச் சற்றே கூடுதலான கனமுள்ள ஸ்கேட் கத்தியின் கூர்மையை அந்தப் புழுதி சில சுற்றுகளில் தின்றுவிடும். ஆனால் தடத்தைச் சுற்றிக் குவித்த வெண்பனி மேடு ஒரு நல்ல காரியம் செய்தது. வளைவில் தவறிச் சரிகிறவர் அதில்தான் போய்ப் புதைவார். உள்ளரங்கில் அந்த வேலையைக் கனத்த மெத்தைகள் செய்கின்றன; மெத்தைக்கு விலை உண்டு, வெண்பனி மேடு தானாக வந்தது.

இவற்றையெல்லாம்விடக் காற்று பெரிது. பிரெய்ரியில் காற்றைத் தடுக்க மலை இல்லை, காடும் இல்லை. ஒரு நேர்ப்பகுதியில் முதுகைத் தள்ளும் காற்று அடுத்த நேர்ப்பகுதியில் முகத்தில் அறையும். உதவியும் தடையும் சமமாகிவிடும் என்று காகிதத்தில் தோன்றும். அப்படி ஆவதில்லை. எதிர்காற்றில் இழக்கும் நேரம் பின்காற்றில் பெறுவதைவிட எப்போதும் அதிகம். காலையில் ஓடிய இணைக்கு அமைதியான தளம், மதியம் ஓடிய இணைக்குப் புயல் என்றால், பதக்கத்தைச் சீட்டுக் குலுக்கலும் பாதி தீர்மானித்தது. இரண்டு வெவ்வேறு வாரங்களில் எடுத்த நேரங்களை ஒப்பிடுவது வீண் வேலை. அன்றைய பயிற்சியாளர் நிறுத்துகடிகாரத்தைப் பார்த்த அளவுக்குக் கொடிக்கம்பத்தையும் பார்த்திருப்பார்.

இப்போது கால்கரிக்கு வருவோம். 1988 குளிர்கால ஒலிம்பிக்கை நடத்தும் வாய்ப்பு அந்த நகரத்துக்குக் கிடைத்தபோது ஸ்கேட்டிங் தடத்தைத் திறந்தவெளியில் அமைப்பதாகத்தான் முதல் எண்ணம். சினூக்கை நினைத்தவர்கள் தயங்கினார்கள். போட்டியன்று தளம் குளமானால் உலகமே பார்க்கும். ஆகவே பல்கலைக்கழக வளாகத்தில், ஏறக்குறைய நான்கு கோடி கனடிய டாலர் செலவில், முழுத் தடத்தையும் மூடிய ஒலிம்பிக் ஓவல் எழுந்தது, 1987இல் திறந்தது. அதற்கு முந்தைய ஆண்டு பெர்லினிலும் நெதர்லாந்தின் ஹீரன்வீனிலும் கூரை வந்துவிட்டது என்றாலும், வட அமெரிக்காவில் இதுவே முதல். ஒலிம்பிக் ஸ்பீட் ஸ்கேட்டிங் கூரைக்குள் நடந்ததும் அதுவே முதன்முறை. நெதர்லாந்தின் இவோன் வான் கென்னிப் மூன்று தங்கம் வென்றார். 3,000 மீட்டரிலும் 5,000 மீட்டரிலும் உலகச் சாதனை. 1992இல் ஆல்பெர்ட்வில்லில் ஒரு தடவை வானத்தின் கீழ் திரும்பிய ஒலிம்பிக் ஓட்டம், அதன் பிறகு வெளியே வரவே இல்லை.

கால்கரியின் வேகத்துக்குக் காரணம் கூரை மட்டுமில்லை. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் இருப்பதால் அங்கே காற்று மெலிது. வின்னிபெக்கின் உயரம் ஏறக்குறைய 240 மீட்டர். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், மைனஸ் 20இல் வின்னிபெக் திறந்தவெளியில் ஓடுபவர், கால்கரிக் கூரைக்குள் ஓடுபவரைவிடக் கிட்டத்தட்டக் கால்பங்கு அதிக அடர்த்தியுள்ள காற்றைப் பிளக்க வேண்டும். இந்த ஓட்டத்தில் ஆற்றலின் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதிலேயே செலவாகிறது. தளத்தின் கதையும் அப்படித்தான். கத்திக்கும் பனிக்கட்டிக்கும் இடையிலான உராய்வை அளந்தவர்கள், மைனஸ் 7 டிகிரியை ஒட்டி அது மிகக் குறைவு என்று கண்டார்கள். அதைவிட இளகினால் கத்தி புதையும். அதைவிட இறுகினால் வழுக்கல் குறையும். வின்னிபெக்கின் ஜனவரிச் சராசரியோ அதற்கு ஒன்பது டிகிரி கீழே. ஊரின் பெருமையாக இருந்த குளிர், வேகத்துக்கு வேண்டியதைவிட எப்போதுமே அதிகமாகத்தான் இருந்திருக்கிறது. இயந்திரம் வந்து சரியான அளவைக் காட்டிய பிறகே அது விளங்கியது.

கூரைக்கு முந்தைய காலத்தின் கடைசிப் பெரிய பெயர் வின்னிபெக்கின் சில்வியா பர்கா. சிறு வயதில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். 1976இல் எல்லாத் தூரங்களும் சேர்ந்த உலகப் பட்டம், 1977இல் குறுந்தூர உலகப் பட்டம். அன்று இயந்திரத் தளம் வேண்டுமென்றால் கனடியர்கள் ஐரோப்பாவுக்கோ, அமெரிக்காவின் விஸ்கான்சினுக்கோ போக வேண்டும். போனார்கள், திரும்பினார்கள், வீடு வின்னிபெக்கிலேயே இருந்தது.

அடுத்த தலைமுறை போனது, திரும்பவில்லை. 1998 நகானோ ஒலிம்பிக்கில் பெண்கள் 500 மீட்டர் மேடையைப் பாருங்கள். தங்கம், சஸ்கட்டூனில் வளர்ந்த கேட்ரியோனா லமே டோன். வெள்ளி, வின்னிபெக்கின் சூசன் ஆக். பிரெய்ரியின் இரண்டு வெளித்தடங்களிலிருந்து வந்த இரண்டு பெண்கள். ஆனால் இருவரையும் முழுமையாக்கியது கால்கரி. முந்தைய நவம்பரில் 500 மீட்டரை 38 விநாடிக்குள் கடந்த முதல் பெண் என்று லமே டோன் பெயர் எழுதியதும் கால்கரியில்தான். 2001 டிசம்பரில் அங்கேயே 37.22. நகானோவுக்கு எட்டு ஆண்டு கழித்து 2006 டூரினில் இன்னொரு மேடை. 5,000 மீட்டரில் தங்கம் கிளாரா ஹியூஸ், வெண்கலம் சிண்டி கிளாசன். இருவரும் வின்னிபெக்கில் பிறந்தவர்கள், இருவரும் கால்கரியில் பயின்றவர்கள். ஹியூஸின் தொடக்கமே கால்கரியோடு முடிச்சிட்டது: 1988இல் தொலைக்காட்சியில் கனடிய வீரர் கயேத்தான் பூஷே ஓடியதைப் பார்த்துத்தான், பதினைந்து வயதில், தானும் ஸ்கேட் கட்ட வேண்டும் என்று முடிவு செய்தார். கட்டியது வின்னிபெக்கில். கிளாசன் அந்த ஒரே ஒலிம்பிக்கில் ஐந்து பதக்கம் வாங்கினார். சார்ஜென்ட் பூங்காவின் விளையாட்டு மையத்துக்கு இப்போது அவர் பெயர். பக்கத்து வெளித்தடத்துக்கு சூசன் ஆக்கின் பெயர். பிள்ளைகள் கிளம்பிப் போன வீட்டுக்கு அவர்கள் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஊர்க்காரர்கள் இதைக் குறையாகச் சொல்வதில்லை.

கூரையால் என்ன வரவு என்று கேட்டால், மிகைப்படுத்தாமலே நிறையச் சொல்லலாம். திறந்தவெளித் தளத்தின் பருவம் டிசம்பர் நடுவில் தொடங்கி மார்ச் தொடக்கத்தில் முடியும். அதிலும் கடுங்குளிர் நாட்கள் கழிந்துவிடும். கூரைக்குள் கோடை முடியுமுன்பே தளம் தயார். அன்று ஒரு பருவத்துக்கு வாய்த்த சுற்றுகளை இன்றைய இளைஞர் சில வாரங்களில் முடித்துவிடுவார். நேரம் என்பது ஓடியவருடைய சொந்த உழைப்பின் அளவாகிவிட்டது. காற்றின் பங்கைக் கழிக்க வேண்டியதில்லை. உறைந்த காற்றை வாய் நிறைய இழுத்துவிட்டு மாலை முழுதும் இருமிக்கொண்டிருந்த பழைய வீரர்களில் யாரும் இதைக் குறை சொல்லமாட்டார்கள்.

இழந்தது கணக்கில் எளிதில் ஏறாது. முதலில் தூரம். வீட்டிலிருந்து பேருந்தில் போய் ஓடிவிட்டு இரவு உணவுக்குத் திரும்பிய விளையாட்டு, ஒரு கட்டத்துக்கு மேல் 1,200 கிலோமீட்டர் இடம்பெயர்வைக் கேட்கிறது. வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளை அந்தக் கட்டத்திலேயே நின்றுவிடுவது உண்டு. அடுத்தது, தளத்தைப் படிக்கும் திறன். இந்த வளைவு மதிய வெயிலில் இளகும், அந்த நேர்ப்பகுதியில் புழுதி படியும், எதிர்காற்று வரும் இடத்தில் உடலை இன்னும் தாழ்த்த வேண்டும் என்பதெல்லாம் கால் அறிந்த அறிவு. எல்லா நாளும் ஒன்றுபோலிருக்கும் தளத்தில் அந்த அறிவுக்கு வேலை இல்லை. சிறந்த ஓட்டக்காரருக்கு இது இழப்பா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. விளையாட்டைப் பார்ப்பவருக்கு இழப்புதான்.

கூரை ஏறாத தடங்களிலும் அன்றும் இன்றும் ஒன்றல்ல. கனடிய அரசின் 2019 ஆம் ஆண்டு தட்பவெப்ப அறிக்கையின்படி, 1948 முதல் 2016 வரை பிரெய்ரியின் குளிர்காலச் சராசரி ஏறக்குறைய மூன்று டிகிரி உயர்ந்திருக்கிறது. மைனஸ் 16 உள்ள ஊருக்கு மூன்று டிகிரி என்ன செய்யும் என்று கேட்கலாம். தண்ணீர் உறையத்தானே செய்கிறது? நடுக்குளிரில் உறைகிறது. சிக்கல் இரண்டு முனைகளிலும் இருக்கிறது. தளம் போடத் தொடங்க, பகலின் உச்ச வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாள் மைனஸ் 5ஐத் தாண்டக்கூடாது என்ற அளவுகோலை வைத்து மான்ட்ரியாலைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1951 முதல் 2005 வரையான பதிவுகளை ஆராய்ந்து 2012இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். திறந்தவெளிப் பருவம் கணிசமாகக் குறுகிய பகுதிகளில் பிரெய்ரியும் ஒன்று என்பது அவர்கள் கண்டது. உலகிலேயே குளிர் குறையாத இடம் என்று நினைத்த சமவெளி அது. 2023–24 குளிர்காலம், கனடாவில் 1948 முதல் வைத்திருக்கும் பதிவுகளிலேயே மிக வெப்பமானது. இடையில் வரும் உருகல் நாட்களும் தொல்லைதான்: ஒரு மதியம் பூஜ்யத்தைத் தாண்டினால், ஒரு மாதம் படலம் படலமாக ஏற்றிய மேற்பரப்பு குழம்பி, மறுநாள் கரடாக உறைந்து நிற்கும். மீண்டும் தூவ வேண்டும்.

ஆனாலும் தடங்கள் போடப்படுகின்றன. இன்று அவற்றின் வேலை வேறு. அன்று உலக வெற்றியாளரும் ஏழு வயதுக் குழந்தையும் ஒரே தளத்தில் ஓடினார்கள், வேறு தளம் இல்லாததால். இன்று குழந்தையும், வாரத்தில் இரண்டு மாலை உடற்பயிற்சிக்கு வரும் நடுவயதுக்காரரும், பதின்ம வயதில் இன்னும் கால்கரிக்குக் கிளம்பாத சிலரும் ஓடுகிறார்கள். சாதனை எதிர்பார்ப்பு இல்லாத தளத்தில் ஒரு நிம்மதியும் இருக்கிறது. அங்கே எடுக்கும் நேரத்தை அந்தத் தடத்தின் பழைய நேரங்களோடு மட்டுமே ஒப்பிடுகிறார்கள். கால்கரி நேரத்தோடு ஒப்பிட யாருக்கும் தோன்றுவதில்லை.

பழையதில் ஒன்று மட்டும் எதிர்பாராத வழியில் திரும்பி வந்தது. 1932க்குப் பிறகு ஒலிம்பிக் கைவிட்ட கூட்டப் புறப்பாடு, வட அமெரிக்க உள்ளூர்ப் போட்டிகளில் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. முன்னால் போகிறவரின் முதுகில் ஒளிந்து வருவது, கடைசிச் சுற்றில் வெளியே பாய்வது என்ற உத்திகள் காற்று வீசும் திடலில் இரட்டைப் பயன் தருபவை. 2018இல் பியோங்சாங்கில் கூட்டப் புறப்பாட்டு ஓட்டம் புதிய பதக்கப் போட்டியாக ஒலிம்பிக்கில் சேர்ந்தது: 16 சுற்று, 6,400 மீட்டர், எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து. மூடிய அரங்கில் காற்று வீசுவதில்லை. ஆகவே இப்போது ஓட்டக்காரர் ஒளிவது, முன்னால் போகிறவரே தன் வேகத்தால் கிழித்துக்கொண்டு போகும் காற்றிலிருந்து.